கெட்ட நிலத்தடி நீரை மீட்டல்: படைத்தளங்கள், சுன்னாகம், காவிரிப் படுகை



தஞ்சாவூரில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் அது மேட்டூரில்தான் தொடங்கும். ஜூன் 12ஆம் தேதி அணை திறப்பார்களா, கல்லணைக்கு என்றைக்கு வந்து சேரும், கடைமடைக்கு எட்டுமா என்ற கவலை நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் ஆறு வறண்ட ஆண்டுகளில் நம் நாற்றங்காலைக் காப்பாற்றியது யார்? பம்புசெட்டுதான். காலடியில் இருக்கும் அந்த நீரைப் பற்றி நாம் பேசும்போதும், எத்தனை அடி இறங்கிவிட்டது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். அது கெட்டுப்போனால் என்ன ஆகும், கெட்ட பிறகு அதைத் திருத்த முடியுமா, முடியும் என்றால் யார் திருத்துவது? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீரைத் துப்புரவு செய்யும் வேலைக்கு மூன்று கேள்விகளின் விடை எழுத்தில் இருக்க வேண்டும். நீரைக் கெடுக்கும் பொருள் எங்கே கிடக்கிறது? அது வருவதற்கு முன் அங்கே நீர் எப்படி இருந்தது? திருத்தும் செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் எழுத்துப் பதிவு இல்லாத ஊரில் எத்தனை நல்ல இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வேலை நடக்காது. உலகத்தில் இந்த வேலை பெரிய அளவில் நடந்துவரும் இடங்களில் படைத்தளங்களும் உண்டு. நம் தமிழ் நிலத்தில் இதற்கு மிக நெருங்கிய வழக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். இரண்டையும் பார்த்துவிட்டு நம் காவிரி டெல்டாவுக்கு வருகிறேன்.

மண்ணுக்கு அடியில் நடப்பது

காவிரியும் கொள்ளிடமும் வெண்ணாறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும்தான் டெல்டா. மணல் அடுக்குகளுக்கு நடுநடுவே களிமண் கிடக்கிறது. கும்பகோணம், பாபநாசம் பக்கம் பில்டர் பாயின்ட் குழாய்க்கிணறு இறக்கினால் அதிக ஆழம் போகாமலே மணலில் நீர் கிடைக்கும். வல்லம், ஒரத்தநாடு பக்கம் மண் சிவந்து விடுகிறது. அங்கே ஆழமான போர்தான். எந்த மண்ணானாலும் மேலே சிந்தியது கீழே இறங்குகிறது. எப்படி இறங்குகிறது என்பது சிந்திய பொருளைப் பொறுத்தது.

பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் ஆகியவை நீரைவிட எடை குறைந்தவை. மண்ணில் இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் கீழே போகும்போது எண்ணெயும் கூடவே இறங்கும்; ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் ஏறும்போது எண்ணெயும் ஏறும். ஏறி இறங்கும் வழியெல்லாம் மணலில் பூசிக்கொண்டே போகும்.

உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படுத்தும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் நீரைவிட எடை கூடியவை. அவை நீர்மட்டத்தோடு நிற்பதில்லை. நீரையும் கடந்து இறங்கி, களிமண் அடுக்கைத் தொட்டபின் அதன் பள்ளங்களில் தேங்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்தபடி பல பத்தாண்டுகள் கிடக்கும்.

மூன்றாவது வகை, நீரோடு நீராகக் கரைந்து அது போகும் திசையிலேயே போவது. தோல் தொழிலோடு தொடர்புடைய ஆறு இணைதிறன் குரோமியம் அப்படிப்பட்டது. எரிபொருள் தீயை அணைக்கும் நுரையில் உள்ள பி.எஃப்.ஏ.எஸ். என்ற புளோரின் சேர்ந்த வேதிப்பொருள்களும் அப்படியே. இவற்றை இயற்கையில் சிதைக்கும் நுண்ணுயிர்களை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது.

வகைக்குத் தக்கபடிதான் வைத்தியம். மிதக்கும் எண்ணெயைக் கிணறு தோண்டி மேலாக உறிஞ்சி எடுக்கலாம். ஆவியாகக் கூடியதை, மண்ணுக்குள் காற்றைச் செலுத்தி ஆவியாக்கி, அந்த ஆவியை இழுத்துப் பிடிக்கலாம். எண்ணெய் எச்சத்தை உண்ணும் நுண்ணுயிர்களுக்கு உயிர்க்காற்றும் சத்தும் கொடுத்து வளர்க்கலாம். கரைந்ததை நீரோடு மேலே இறைத்து, தூண்டிய கரியின் வழியாக வடிகட்டலாம். கடைசி முறைதான் நெடுங்காலமாகப் பரவலாக நடப்பது. அதில்தான் ஏமாற்றமும் அதிகம். எண்ணெய் ஊறிய மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் பிசுக்கு மேலே வந்து நிற்கும் அல்லவா? நிலத்தடியிலும் அதுதான் நடக்கிறது. பம்பு ஓடும்வரை நீர் தெளிவாக வரும். சோதனைத் தாளும் நன்றாக இருக்கும். பம்பை நிறுத்தினால் களிமண்ணில் ஊறியது மீண்டும் நீரில் கசியும். அதனால்தான் கெடுக்கும் பொருள் கிடக்கும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறேன்.

படைத்தளங்கள் இருக்கும் ஊர்கள்

படைத்தளம் ஒன்றில் இந்த மூன்று வகைப் பொருளும் ஒரே வேலிக்குள் இருக்கும். விமான எரிபொருள் தொட்டிகள், இயந்திரம் கழுவும் கரைப்பான்கள், தீயணைப்புப் பயிற்சிக்கான நுரை ஆகிய எல்லாம் அன்றாடப் புழக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெஜூன் என்ற மரைன் படை முகாம் உண்டு. 1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை அங்கே வாழ்ந்த வீரர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் குடித்த நீரில் டிரைகுளோரோஎத்திலீனும் பென்சீனும் கலந்திருந்தன. 1982இல் ஒரு குழாயில் எடுத்த நீரில் டிரைகுளோரோஎத்திலீன் நூறு கோடியில் 1,400 பங்கு இருந்தது. பின்னாளில் அந்நாடு குடிநீருக்கு வகுத்த உச்ச வரம்பு 5 பங்கு. 10 லட்சம் பேர் வரை அந்த நீரைப் பயன்படுத்தியிருக்கக் கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நீரின் ஒரு பகுதி கெட்டதற்குக் காரணம் தளத்துக்கு வெளியே இருந்த சலவைக்கடை. இன்னொரு பகுதி கெட்டதற்குக் காரணம் தளத்துக்குள்ளேயே கசிந்த தொட்டிகள். இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுக்கத் தனிச் சட்டம் வந்தது 2022 ஆகஸ்டில். கெட்ட கிணறுகளை மூடிய பிறகு ஏறக்குறைய 37 ஆண்டுகள் கழித்து!

மூடப்பட்ட தளத்துக்கு உதாரணம் மிச்சிகன் மாநிலத்தின் ஆஸ்கோடா. அங்கே ஹியூரன் ஏரிக்கரை அருகில் வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளம் இருந்தது. 1977இல் குடிநீரில் கரைப்பான் இருப்பது தெரிந்தது. நீரை இறைத்து வடிகட்டும் வேலை தொடங்கியது. 1993இல் தளத்தையே மூடினார்கள். வடிகட்டும் வேலை மட்டும் தொடர்ந்தது. 2010இல் தீயணைப்புப் பயிற்சி நடந்த இடத்துக்கு அருகில் பி.எஃப்.ஏ.எஸ். கண்டார்கள். 2012இல், பக்கத்துச் சதுப்பில் பிடித்த மீனை உண்ண வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை எச்சரித்தது. இத்தனை ஆண்டுகள் வடிகட்டியும், தேடாத பொருள் அகப்படாமலே இருந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா இந்தக் குடும்பத்தின் இரண்டு முக்கியப் பொருள்களுக்குக் குடிநீரில் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய அளவையும் பொருட்படுத்த வேண்டிய பொருள் அது.

ஆஸ்கோடாவில் வேலை இன்னும் முடியவில்லை. ஆனாலும் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு நல்ல செய்திகள் உண்டு. முதலாவது, மாசடைந்த இடங்களைத் திருத்துவதற்காக 1980இல் வந்த சூப்பர்ஃபண்டு சட்டமும் 1986இல் அதற்குச் செய்த திருத்தமும் இராணுவத்துக்கும் விலக்குத் தரவில்லை. தான் கெடுத்த நிலத்தைத் தானே திருத்தும் கடமை படைக்கு உண்டு என்று எழுதி வைத்தார்கள். இரண்டாவது, ஊர்மக்களும் படை அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து சோதனை முடிவுகளைப் பொதுவில் பேசும் ஆலோசனைக் குழு அங்கே உண்டு. நாட்டுப் பாதுகாப்பு இதனால் கெட்டுவிடவில்லை. கிணற்று நீரில் என்ன இருக்கிறது என்பது எந்த நாட்டுக்கும் இராணுவ ரகசியமாக இருக்க முடியாது.

சுன்னாகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. செம்மண்ணில் இறங்கி, கீழே சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீர்தான் எல்லாம். குடிக்க அதே நீர், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்ச்ச அதே நீர். இங்கே நம் மணல், சிந்தியதை ஓரளவு தடுத்து மெதுவாக்கும். சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் அந்தத் தடுப்பும் கிடையாது. ஓர் இடத்தில் ஊற்றியது விரைந்து பரவும்.

சுன்னாகத்தில் பல பத்தாண்டுகளாக மின் நிலையம் இருந்தது. அதன் வளாகத்தில் கழிவெண்ணெய் கொட்டிய குட்டையும் இருந்தது. போர் முடிந்த காலத்தில் அங்கே தனியார் நிறுவனம் ஒன்றின் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் கண்டார்கள். வாளியில் அள்ளிய நீரின் மேல் வானவில் நிறம். குடிக்க வாயருகே கொண்டுபோனால் வாடை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் மசகும் வரம்புக்கு மேல் இருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தியது. கிணற்றுக் கட்டில் நின்று நீர் அள்ளிப் பழகிய குடும்பங்கள், வீதியில் தண்ணீர் பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நின்றன.

அடுத்து நடந்ததுதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. ஒரு நிபுணர் குழு பெரிய ஆபத்தில்லை என்றது. வேறு சோதனைகள் வேறு மாதிரிக் கூறின. பழைய எண்ணெய்க் குட்டையே காரணம், தாம் காரணமில்லை என்று நிறுவனம் வாதிட்டது. நிலையம் வருவதற்கு முன் அந்தக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்ற பதிவு ஊர்க் கையில் இருந்திருந்தால் இந்த வழக்காடலில் பாதி குறைந்திருக்கும். அது இல்லாதபோது பழி ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். தாகம் மட்டும் ஊர்க்காரருடையதாகவே இருக்கும்.

இந்த வழக்கை இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சூழலியல் ஆர்வலர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்களின் கிணறுகளுக்காகச் சிங்களரான அவர் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். இதை நன்றியோடு நினைக்க வேண்டும். 2019 ஏப்ரல் 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இயற்கை வளம் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்றது நீதிமன்றம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியின்படி, நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆபத்தைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்புகள் கடமை தவறியதையும் சுட்டிக்காட்டியது.

சுன்னாகத்துக்கு வடக்கே வலிகாமம் வடக்கு. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றி 1990இல் இடம்பெயர்ந்த மக்களின் நிலங்கள் போருக்குப் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. ஊர் திரும்பியவருக்குக் கிணறு இறைப்பதுதான் முதல் வேலை. இறைத்த நீரைச் சோதித்துப் பதிவு செய்வது இரண்டாவது வேலையாக வேண்டும். படை இருந்து விட்டுப்போன எந்த நிலத்துக்கும் இது பொருந்தும்.

நம் நிலம்

இப்போது தஞ்சாவூர். புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்தது. 2013 மே 27இல் அது முழுமையான விமானப்படை நிலையமாயிற்று. 2020 ஜனவரியில் சுகோய் 30 போர் விமான அணி வந்தது. அந்த நிலையத்தின் மீது எந்தக் குற்றமும் சொல்ல நான் வரவில்லை. நாட்டைக் காக்கும் வீரர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களும் அவர்கள் குழந்தைகளும் குடிப்பது இந்த மண்ணின் நீரைத்தான். லெஜூனில் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் படைவீரரின் குடும்பங்களே. அதனால், வேலியோரக் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதித்து மாவட்ட நிர்வாகத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள், புளோரின் இல்லாத நுரைக்கு மாறுங்கள் என்று கேட்பது அவர்கள் நலனுக்கும் சேர்த்துத்தான்.

டெல்டாவில் இந்தக் கேள்வி ஏற்கெனவே நம் வயலுக்குள் வந்துவிட்டது. 2017 ஜூன் 30ஆம் தேதி கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் வயலில் பரவியது. ஊர் திரண்டது, தடியடி நடந்தது, கைதுகள் நடந்தன. நிலத்தடி நீர் நிறம் மாறிவிட்டது என்றார்கள் மக்கள். எங்களால் மாறவில்லை என்றது நிறுவனம். சுன்னாகத்தில் கேட்ட அதே வாதம். ஊராட்சி அலுவலகத்துப் பீரோவில், முதல் துளை போடுவதற்கு முன் எடுத்த நீர்ச் சோதனைத் தாள் ஒன்று இருந்தால் அந்த வாதம் ஒரு நாளில் முடியும்.

2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அது தடுக்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் முதலாகப் பலர் ஊர் ஊராக நடந்து பேசியதன் பலன் அது. ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துவந்த கிணறுகளையும் குழாய்களையும் அது தொடவில்லை. அவை ஒவ்வொன்றாக வயதாகி மூடப்படும் காலம் வரும். மூடிய பின் என்ன நடக்கும் என்பதற்கு ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். ஒவ்வொரு மழையும் அதைக் கழுவி நிலத்தடியில் சேர்த்தது. போபாலைப் பாருங்கள். விஷவாயு விபத்து நடந்தது 1984இல். ஆலையில் சேர்ந்து கிடந்த 337 டன் கழிவை வெளியேற்றியது 2025 ஜனவரியில்தான். அதுவும் மேலே கிடந்தது. மண்ணில் இறங்கியதைத் திருத்தும் பெரிய வேலை பாக்கி இருக்கிறது.

கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் ஒன்று, பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் வந்தது. நெறி அப்போதே உறுதியாயிற்று. நடைமுறை மட்டும் 2025 ஜூலை வரை காத்திருந்தது. அந்த மாதம் மத்திய அரசு மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்யும் விதிகளை அறிவித்தது. அதன்படி, மாசடைந்ததாக ஐயப்படும் இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அவற்றை ஆய்வு செய்து, பொறுப்பாளியைக் கண்டறிந்து, திருத்தும் செலவை அவரிடம் வாங்க வேண்டும். சுரங்க வேலைகளால் வரும் மாசு இந்த விதிகளுக்குள் வராது என்பது பெரிய குறை. இருந்தாலும் முதன்முறையாக ஒரு வழி பிறந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் தானாக ஏறாது. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இங்கே வேதியியல் மாணவர்கள் இருக்கிறீர்கள். நீர் மாதிரி எடுப்பது கையில் செய்து பழக வேண்டிய வேலை. பம்பைப் போட்டவுடன் வருவது குழாய்க்குள் தேங்கிய நீர். அதைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டில்தான். பிளாஸ்டிக்கில் பிடித்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு முடிவு குறைவாக வரும். பென்சீன் போல ஆவியாவதைத் தேடும்போது சிறு கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். தேடும் பொருள் அந்தக் குமிழிக்குள் போய்விடும். கிணற்றின் இடம், ஆழம், தேதி, நேரம், எடுத்தவர் கையொப்பம் ஆகியவற்றை ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்த ஒழுங்கு தவறினால் நீதிமன்றத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

இதை ஒவ்வோர் ஊராட்சியும் ஆண்டுக்கு இருமுறை செய்யட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்மட்டம் ஏறியிருக்கும் தை மாதத்தில் ஒன்று, அணை திறக்குமுன் நீர்மட்டம் இறங்கியிருக்கும் வைகாசியில் ஒன்று. தை மாத முடிவை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டட்டும். அருகிலுள்ள கல்லூரிகள் இதற்குத் துணை நிற்கட்டும்.

எண்ணெய்க் கிணறு ஒவ்வொன்றுக்கும் அது எப்போது தோண்டப்பட்டது, எப்படி அடைக்கப்பட்டது, சுற்றிலும் நீர் எப்படி இருக்கிறது என்ற விவரத்தை நிறுவனம் ஊராட்சிக்கு எழுத்தில் தரட்டும். மூடிய பின் செய்ய வேண்டிய துப்புரவுக்கான பணத்தை, கிணறு உற்பத்தியில் இருக்கும்போதே தனியாக வைப்பில் போடட்டும். எங்கே நீர் கெட்டது தெரிந்தாலும், காரணம் யார் என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல், மறுநாளே குடிநீர் வரட்டும். செலவைப் பிறகு பொறுப்பாளியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

விவசாயிகளே, உங்கள் பம்புசெட்டின் ஆழம் உங்களுக்குத் தெரியும். நீரின் தரம் எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தத் தை மாதத்தில் முதல் தாளை எழுதுங்கள். இன்று நல்ல நீர் என்று எழுதி வைப்பதுதான் நாளை அது கெட்டால் நீதி கேட்க நமக்கு இருக்கும் ஆவணம். அதை எழுதும் கடமை நம்முடையது. திருத்தும் கடமை கெடுத்தவருடையது. முதல் கடமையை நாம் செய்தால்தான் இரண்டாவதை அவர்களிடம் கேட்டு வாங்க முடியும்.